போர்ஷே 911: வண்டியின் வயதும் வண்டியின் நடையும்

மாட்டுச் சந்தையில் காளை வாங்கச் செல்பவர் அதன் நிறத்தையும் கொம்பையும் மாத்திரம் கண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பின்னர்க் கயிற்றை அவிழ்த்துச் சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பார். பல்லினால் வயது தெரியும். மற்றவையெல்லாம் நடையினால் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க முற்படுவார்க்கும் இவ்விரு சோதனைகளும் இன்றியமையாதன. ஆயின், அவர்க்குச் சந்தைக்காரருக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. ஒரே பெயரும் ஏறக்குறைய ஒரே உருவமும் உடைய வண்டி, ஒரு வருஷத்தில் ஒரு நடையும் அடுத்த வருஷத்தில் வேறொரு நடையும் உடையதாய்த் தொழிற்சாலையினின்று வெளிவருகின்றது. தெருவோரம் நின்று பார்ப்பவனுக்கு இவ்வேற்றுமை புலப்படாது. வளைவில் வண்டியைத் திருப்புகின்றவனுக்குப் புலப்படும்; சில வேளைகளில் காலங்கடந்து புலப்படும்.

வண்டியின் நடை என்று நாம் ஈண்டுக் குறிப்பது அதன் வேகத்தையன்று. ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பியவுடன் வண்டி எவ்வாறு இணங்குகின்றது, வளைவின் நடுவே காலை எடுத்தாலோ அழுத்தினாலோ என்ன செய்கின்றது, மேடு பள்ளங்களில் தன் வழியை விடாது செல்கின்றதா என்னும் குணங்களின் தொகுதியையே நடை என்கிறோம். இதனை வருஷவாரியாக ஆராய்வதற்கு ஜெர்மனி தேசத்துப் போர்ஷே கம்பெனியாரின் 911 என்னும் வண்டியைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. 1963-ஆம் வருஷம் பிராங்க்பர்ட் நகரக் கண்காட்சியில் 901 என்னும் பெயரோடு அது முதன்முதல் காட்டப்பெற்றது. நடுவில் பூஜ்யம் வைத்த மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியன என்று பிரான்சு தேசத்துப் பெழோ கம்பெனியார் ஆட்சேபிக்கவே, 1964-இல் 911 ஆயிற்று. அன்று முதல் இன்றுவரை அதன் யந்திரம் பின் சக்கரங்களுக்கும் பின்னாலேயே தொங்குகின்றது. அதன் சரித்திரம் முழுவதும் அப்பின்பாரத்தோடு பொறியியலார் நடத்திய போராட்டத்தின் சரித்திரமே எனலாம்.

பாரவண்டி ஓட்டுவார் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். மாடுகளின் கழுத்தில் பிடிப்பு இராது. முதற்கால 911-இல் வண்டியின் மொத்தக் கனத்தில் ஐந்தில் மூன்று பங்கு அளவு பின் சக்கரங்களின் மேலேயே இருந்தது. ஆகவே முன் சக்கரங்கள் பாரங்குறைந்து லேசாயின. ஈரமான சாலையில் வேகமாக வளைவினுள் புகுந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். இதனை முன்நழுவல் எனக் கொள்வோம். அதைக் கண்டு அஞ்சிய ஓட்டுநர் விசைப் பலகையினின்று சட்டென்று காலை எடுப்பாராயின் வேறொரு விபரீதம் விளையும்.

அது விளையுமாறு எங்ஙனமெனில், காலை எடுத்தவுடன் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. முன் டயர்கள் தரையை இறுகப் பற்றுகின்றன. பின் டயர்கள் பாரமும் பிடிப்பும் குறைந்து நிற்கின்றன. எஞ்சியிருக்கும் பிடிப்பிலும் ஒரு பகுதியை, வேகந்தணியும் யந்திரம் பின் சக்கரங்களை இழுத்துப் பிடிப்பதில் செலவிட்டுவிடுகின்றது. போதாக்குறைக்கு, பின் சக்கரங்களைத் தாங்கும் சாய்கைகளின் ரப்பர் மூட்டுகள் இழுவிசையால் சற்றே வளைந்துகொடுக்க, அச்சக்கரங்களின் முன்முனைகள் வெளிப்புறமாகத் திரும்புகின்றன. இம்மூன்றும் ஒரே கணத்தில் கூடுங்கால் வண்டியின் பின்புறம் வளைவின் வெளிப்பக்கமாக வீசப்படுகின்றது. இது பின்வீச்சு. வண்டியின் முன்பாகத்தில் யந்திரம் இருந்தாலும் பின்வீச்சு நேரக்கூடும். எனினும் அதனை ஸ்டியரிங்கால் எதிர்த்துத் திருப்பிச் சமாளித்தல் எளிது. வெறுங்கழியைச் சுழற்றி நிறுத்துவதற்கும், நுனியில் கல்லைக் கட்டிய கழியைச் சுழற்றி நிறுத்துவதற்கும் உள்ள வேற்றுமையை மாணாக்கர் தாமே செய்து பார்க்கலாம். நுனியில் கனமுள்ள கழி தொடக்கத்தில் திரும்பச் சோம்பும். திரும்பத் தொடங்கிய பின்போ நிற்க மறுக்கும். 911-இன் யந்திரம் அக்கல்.

இப்பின்பாரத்தால் நன்மையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. வளைவினின்று வெளியேறும்போது யந்திரத்தின் கனமே பின் டயர்களைத் தரையில் அழுத்துகின்றமையால், அவை சுழன்று வீணாகாமல் வண்டியை உந்துகின்றன. பிரேக் போடுங்கால் நான்கு சக்கரங்களும் வேலையை ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகையால், வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைத் தணித்து, மெதுவே புகுந்து, விசையை விடாது வெளியேறுபவனுக்கு இவ்வண்டி மிகவும் இணக்கமுள்ளது. வழக்கத்தை மாற்றிக்கொள்ளாதவனையே அது தண்டிக்கின்றது.

கம்பெனியார் இக்குறையை அறியாதிருந்தாரல்லர். முதற்கால வண்டிகள் சிலவற்றின் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை மறைத்து வைத்து முன்பாரத்தைக் கூட்டினர். ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர் கனத்தைக் குறைக்க அரும்பாடு படுவாரேயன்றி இரும்பை வலிந்து ஏற்றுவதுண்டோ? சங்கடம் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல பரிகாரம் 1969-ஆம் மாடல் வருஷத்தில் வந்தது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் அதுவரை 2211 மில்லிமீட்டராக இருந்தது. அது 2268 ஆயிற்று. யந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டு, பின் சக்கரங்களை மாத்திரம் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினர். நாலு விரற்கிடைக்கும் குறைவான தூரம்! ஆயினும் யந்திரத்தின் கனம் சக்கரங்களுக்கு அவ்வளவு நெருங்கி வந்தது. அத்துடன், ஒரு பெரிய பாட்டரிக்குப் பதிலாக இரண்டு சிறிய பாட்டரிகளை வண்டியின் முன் மூலைகள் இரண்டிலும் வைத்தனர். இரும்புக் கட்டி செய்த வேலையைப் பயனுள்ள பொருளே செய்வதாயிற்று.

ஆகவே 1968-க்கு முற்பட்ட வண்டியும் 1969-க்குப் பிற்பட்ட வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கையில் உடன்பிறந்தார்போல் தோன்றினும், சுபாவத்தில் வேறானவை. முன்னது சுறுசுறுப்பானது, ஸ்டியரிங்கை நினைத்த மாத்திரத்தில் திரும்புவது, 165 அளவுள்ள ஒடுங்கிய டயர்களின் மேல் நிற்பது, பிழை பொறாதது. பின்னது சற்றே நிதானமுடையது. நீண்ட வளைவுகளில் நம்பத்தக்கது.

1972-இல் மற்றொரு முயற்சி நடந்தது. எண்ணெய்த் தொட்டியைப் பின் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் கொணர்ந்து, அதனை நிரப்பும் மூடியை வலக்கதவுக்குப் பின்னே வண்டியின் வெளிப்புறத்தில் அமைத்தனர். கனத்தை இரு சக்கரங்களுக்கும் இடையே கொணரும் யோசனை நல்லதே. ஆனால் அம்மூடியைப் பெட்ரோல் மூடி என்று கருதி, பங்கில் அதனுள் பெட்ரோலை ஊற்றிய சம்பவங்கள் நேரவே, 1973-இல் தொட்டி பழைய இடத்துக்கே திரும்பிற்று. பொறியியலில் வெற்றி பெற்ற யோசனை பெட்ரோல் பங்கில் தோற்றது விந்தையே. இந்த ஒரு வருஷத்து வண்டிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

1973-ஆம் வருஷத்துக் கரெரா ஆர்.எஸ். வண்டியில் பின் சக்கர விளிம்புகள் 7 அங்குலமும் முன் சக்கர விளிம்புகள் 6 அங்குலமும் ஆயின. பின்னால் அகன்ற டயர் இருப்பின் பின் பிடிப்பு மிகும், பின்வீச்சு தள்ளிப்போகும். யந்திர மூடியின்மேல் வாத்தின் வால்போல் நிமிர்ந்த தகடு ஒன்று, வேகத்தில் காற்று வண்டியின் பின்புறத்தைத் தூக்காதவாறு தடுத்தது. இவ்விரு உபாயங்களும் பின்வந்த வண்டிகளிற் பலவற்றில் ஏதேனும் ஓர் உருவில் தொடர்ந்தன.

1975-இல் வந்த டர்போ வண்டியைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதன் 260 குதிரைவேகம் காலை அழுத்தியவுடன் வராது; சிறிது தாமதித்து, வரும்போது வெள்ளம்போல் வரும். வளைவின் தொடக்கத்தில் வேண்டிக் கேட்ட சக்தி வளைவின் நடுவில் வந்து சேர்ந்தால் ஓட்டுநர் யாது செய்வார்? அஞ்சிக் காலை எடுப்பார். எடுத்தலால் விளைவதை முன்னரே கூறினோம். 1978-இல் யந்திரம் 3.3 லிட்டராகி 300 குதிரைவேகம் பெற்றது, பிரேக்குகளும் பலப்பட்டன, தாமதம் என்னும் குணம் நீங்கவில்லை. முதன்முதலாக 911 வாங்குவார் இதனைத் தொடாதிருத்தல் நலம் என்பது நம் துணிபு.

1978-இன் எஸ்.சி., 1984-இன் கரெரா 3.2 ஆகியவை நடையில் பெரிதும் வேறுபட்டனவல்ல. 1987-இல் கியர்ப்பெட்டி மாறிற்று. அதனால் கியர் மாற்றுதல் இனிதாயிற்றேயன்றி வளைவில் வண்டியின் குணம் மாறவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, 1987-க்குப் பிந்திய வண்டி நன்றாக வளைகிறது என்று சொல்வார் உளர். கைக்கு இதமானது வேறு, வளைவில் உறுதியானது வேறு.

அடுத்த பெரிய மாறுதல் 964 என்னும் உள்ளெண்ணுடைய வரிசையில் உண்டாயிற்று. அதுவரை முறுக்குக் கம்பிகளே ஸ்பிரிங்குகளாக இருந்தன. 1989-இல் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. நான்கு சக்கரங்களையும் யந்திரம் உந்தும் கரெரா 4 முதலிலும், பின் சக்கரங்களை மாத்திரம் உந்தும் கரெரா 2 அடுத்த மாடல் வருஷத்திலும் வெளிவந்தன. ஸ்டியரிங்குக்குத் துணைவிசையும், பிரேக் அழுத்துங்கால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏற்பாடும் சேர்ந்தன. எனினும் பின் சக்கரங்களைத் தாங்கிய சாய்கை முறை நீடித்தது. 1993-இல் காட்டப்பெற்ற 993 வரிசையிலேயே பல கைகளால் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து நிறுத்தும் புதிய பின்னமைப்பு வந்தது. காலை எடுக்கையில் பின் சக்கரம் வெளிப்புறம் திரும்பும் பழைய தீக்குணத்தை அஃது அடக்கிவிட்டது. காற்றால் குளிரும் யந்திரமுடைய கடைசி 911 வரிசையும் அதுவே. அதன்பின் வந்த 996 வரிசையில் யந்திரம் நீரால் குளிர்ந்தது. சக்கர இடைத்தூரம் 2350 மில்லிமீட்டர் ஆயிற்று. வண்டி சறுக்கத் தொடங்குங்கால் தானே பிரேக் போட்டுத் திருத்தும் மின்னணுக் காவலும் அவ்வரிசையிலேயே புகுந்தது. 2011-இல் வந்த 991 வரிசையில் இடைத்தூரம் 2450 ஆகி, பின்பாரத்தின் கொடுமை பெரும்பாலும் பழங்கதையாயிற்று.

இம்மாறுதல்களைப் பணக்காரர் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது என்பதற்கு அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் சாட்சி பகரும். அதுவும் பின்யந்திர வண்டியே. 1960 முதல் 1963 வரை வந்தவற்றில் பின் சக்கரங்கள் வளைவில் உட்புறமாக மடங்கக்கூடிய எளிய ஊசலச்சில் நின்றன. முன்புறத்தில் சாய்வைத் தடுக்கும் கம்பி சேர்க்கப்படவில்லை. நடையைச் சமப்படுத்தும் பொருட்டு முன் டயருக்கு 15 பவுண்டும் பின் டயருக்கு 26 பவுண்டும் காற்றழுத்தம் வைக்குமாறு கம்பெனியார் விதித்தனர். நான்கிலும் ஒரே அளவு காற்றடிக்கும் வழக்கமுள்ள ஒருவர் அவ்விதியை மீறினால், ஒரு காற்றுக் குழாயினாலேயே வண்டியின் குணம் மாறிவிடும். 1964-இல் முன்கம்பி சேர்ந்தது. 1965-இல் பின்னமைப்பு முழுவதும் புதிதாயிற்று. அதே 1965-இல் ரால்ப் நேடர் எழுதிய நூல் பழைய கார்வேரைக் கண்டித்துப் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. 1972-இல் அமெரிக்க அரசாங்கத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, அக்காலத்து ஏனைய வண்டிகளை நோக்கக் கார்வேர் கவிழும் அபாயம் மிகுந்ததன்று என்று கூறிற்று. விவாதம் எப்படி முடியினும், 1963-ஐயும் 1965-ஐயும் ஒரே வண்டி என்று சொல்ல இடமில்லை.

இனி வாங்குவார் செய்யத்தக்கதைக் காண்போம். முதலில், பதிவுப் பத்திரத்தில் உள்ள வருஷத்தை நம்பலாகாது. போர்ஷே கம்பெனியின் மாடல் வருஷம் கோடை விடுமுறை கழிந்து ஆகஸ்டு வாக்கில் தொடங்குவது. 1968-ஆம் வருஷம் மே மாதத்தில் பிறந்த வண்டி குட்டையானது. அவ்வருஷம் அக்டோபரில் பிறந்தது நெட்டையானது. பத்திரத்தில் இரண்டும் 1968. விற்பவர் பொய் சொல்லாமலேயே வாங்குபவர் ஏமாறலாம். இதற்கு மருந்து, தோமாவைப்போல் தொட்டுப் பார்ப்பதே. ஓர் அளவு நாடாவை எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை பிடித்தால் 2211 அல்லது 2268 என்று அதுவே சொல்லிவிடும். 1981-க்குப் பின்வந்த வண்டிகளில் 17 இலக்கமுள்ள அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைக் காட்டும்.

இரண்டாவது, வண்டி எந்த நாட்டுக்கென்று செய்யப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். அமெரிக்காவுக்குச் சென்ற பழைய 911-கள் அந்நாட்டு பம்பர்ச் சட்டத்தின் பொருட்டு உயர்த்தி நிறுத்தப்பட்டன. பின்னர் அவற்றின் சொந்தக்காரர் பலர் தாழ்த்திக்கொண்டனர். தாழ்த்தியபின் முன் சக்கரக் கோணங்களைத் திருத்தாது விட்டால், சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானே சிறிது திரும்பும். வண்டி பதற்றமுள்ளதாய்த் தோன்றும். ஜப்பானியரின் ஹோண்டா எஸ்2000-லும் இவ்வாறே நாடும் வருஷமும் பின்னிக் கிடக்கின்றன. 2004-ஆம் மாடல் வருஷத்தில் சக்கரங்கள் 16 அங்குலத்தினின்று 17 ஆகி, பின்னமைப்பும் நிதானப்பட்டது. அமெரிக்காவில் விற்றதற்கு 2.2 லிட்டர் யந்திரம் வந்தது, ஐரோப்பாவில் விற்றதற்கோ 2 லிட்டரே நின்றது.

மூன்றாவதே முக்கியமானது. நாம் ஓட்டிப் பார்ப்பது ஒரு மாடலையன்று. பல கைகள் மாறிய ஒரு தனி வண்டியை. ஜெர்மனியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் 1986-ஆம் வருஷத்துக் கரெராவையும் 1990-ஆம் வருஷத்துக் கரெரா 2-ஐயும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தார். பிந்தியது வளைவுகளில் தடுமாறக் கண்டு, சுருள் ஸ்பிரிங் வந்தபின் 911 கெட்டுப்போயிற்று என்று நமக்குக் கடிதம் எழுதினார். டயரின் பக்கத்தில் பொறித்த இலக்கங்களைப் படித்தீரா என்று நாம் வினவினோம். முன் டயர்கள் புதியவை. பின் டயர்களோ பதினொரு வயதானவை. பள்ளம் ஆழமாகவே இருந்தமையால் அவர் ஐயுறவில்லை. ரப்பரோ மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. விற்பவரின் சம்மதத்தோடு நான்கும் ஒரே வகையாக மாற்றி மீண்டும் ஓட்டியபின், முன்னெழுதிய கடிதத்தைக் கிழித்துவிடுமாறு வேண்டிக்கொண்டார். 2000-ஆம் வருஷத்துக்குப் பின் செய்த டயர்களில் நான்கு இலக்கங்கள் உள்ளன. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிப்பன. 2308 எனின் 2008-ஆம் வருஷத்து 23-ஆம் வாரம். மூன்றே இலக்கம் காணின், அந்த டயர் சென்ற நூற்றாண்டினது. அதன்மேல் வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டா.

டயரைப் போலவே ரப்பர் மூட்டுகள் வெடித்து இறுகும். அதிர்ச்சி தாங்கிகள் எண்ணெய் கசிந்து தளரும். முறுக்குக் கம்பிகள் அமைத்த உயரம் இடவலம் வேறுபடும். சக்கரக் கோணங்களை அளக்கும் பட்டறையில் ஓர் அச்சிட்ட தாள் வாங்கிவிட்டால், நூறு பேர் வாய்மொழியைக் காட்டிலும் அது பயன்படும். இடச் சக்கரத்தின் சாய்வும் வலச் சக்கரத்தின் சாய்வும் பெரிதும் மாறுபட்டு, திருத்தியும் ஒவ்வாதிருப்பின், அவ்வண்டி என்றோ எதன்மேலோ மோதியது என்று ஐயுறலாம்.

ஓட்டிப் பார்க்குங்கால் வண்டியின் எல்லையைத் தேடிச் செல்லுதல் மடமை. பொதுச்சாலையில் அவ்வெல்லையைக் கண்டவர் பலர் அதனைத் தாண்டியும் விட்டனர். டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரிசெய்துகொண்டு, ஒரே சாலையில், ஒரே வேகத்தில் இரு வண்டிகளையும் ஓட்டுக. நேர்ச்சாலையில் கைகளைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்குகின்றதா? பிரேக் அழுத்துங்கால் முகம் கோணுகின்றதா? பார்வை நன்கு தெரியும் அகன்ற வளைவில், மிதவேகத்தில், விசையைச் சிறிதே தளர்த்தினால் வண்டியின் மூக்கு உட்புறம் சாயும். அச்சாய்வு மெல்ல வருகின்றதா, திடுக்கென வருகின்றதா? இவ்வளவே போதும். 1967-இன் வண்டியில் அது சற்று விரைந்து வரும். 1995-இன் வண்டியில் அரிதில் தெரியும். 1995-இன் வண்டியிலும் திடுக்கென வருமாயின் பிழை மாடலில் இல்லை, அந்த வண்டியில் இருக்கின்றது.

எதனை வாங்குவது என்று நம்மைக் கேட்பின், நடையொன்றையே கருதுவார்க்கு 993 வரிசையைச் சொல்வோம். அதன் விலை இன்று எட்டாத உயரத்தில் நிற்பதால், 1984 முதல் 1989 வரையுள்ள கரெரா 3.2 ஒன்றை, புதிய ரப்பர் மூட்டுகளும் ஒரே வகை டயர்களும் போட்டு, கோணங்களைத் திருத்தி வைத்துக்கொள்வது இரண்டாந்தரமன்று. குட்டையான பழைய வண்டியை விரும்புவார் முதலில் அதன் முன் பம்பருக்குள் கைவிட்டுப் பார்ப்பாராக. கட்டிகளோடு வந்த வண்டியாயின், முன்பிருந்த சொந்தக்காரர் எவரேனும் வேண்டாத இரும்பென்று அவற்றைக் கழற்றி எறிந்திருத்தல் கூடும்.